லோரி நிறையக் கருவாடு

‘மொத்தமா எடுத்தா வெலை கொறையும்’ என்று யாராவது சொன்னவுடன், நமக்கு எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி மண்டையை விட்டு எங்கே ஓடிப்போகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நல்ல புத்தியுள்ளவர்களுக்கும் இது நடக்கிறது. ஒரு சட்டைக்குத் துணி எடுக்கப் போன மனிதர், மலிவாகக் கிடைத்தது என்று முழுக் கட்டையும் வாங்கி வந்து, குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் தைத்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். (தீபாவளி அன்று அவர்கள் வரிசையாக நடந்து போனபோது, பேண்டு வாத்தியக் கோஷ்டி என்று நினைத்து ஒருவர் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுக்க வந்தாராம்.)

ஆனால் இந்த விஷயத்தில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. அவர் சொந்தக் காசில் துணிதான் வாங்கினார். நான் ஜப்பான்காரன் காலத்தில், ஒரு எஸ்டேட் ஜனங்களின் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, லோரி நிறையக் கருவாடு வாங்கினேன்.

அப்போது எனக்கு இருபது வயது. கேமரன் மலையில், ரிங்லெட் என்ற சிறு ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். நான் கீழே டவுனில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்துவிட்டு வந்து, எஸ்டேட்டுத் தமிழ்ப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். கணக்கில் நான் புலி. இதை வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் எங்கள் வெள்ளைக்காரத் துரை காரில் ஏறி சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது பங்களாச் சாவியைப் பெரிய கிராணி அருளப்பனிடம் கொடுத்து, இரண்டு வாரத்தில் வந்துவிடுவேன் என்றாராம். (அந்த இரண்டு வாரம் ஆண்டுக் கணக்கில் நடந்தது.) பெரிய கிராணி என்றால் எஸ்டேட் ஆபீசில் மற்ற கணக்கர்களுக்கெல்லாம் மேலே உள்ளவர். அவர் அந்தச் சாவியை ஒரு மாதம்கூட வைத்திருக்க முடியவில்லை. பங்களாவில் ஒரு ஜப்பான் துரை வந்து உட்கார்ந்தார். பட்டாளத்துக்காரர் இல்லை, ஏதோ கம்பெனிக்காரர். சட்டை பித்தான் கழுத்துவரை போட்டிருப்பார். குனிந்து வணக்கம் வைக்க மறந்தால் கன்னத்தில் ஒன்று வைப்பார். மற்றபடி அமைதியானவர்.

பாதித் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டோம். அரிசி, எண்ணிக் கொடுத்தது போல வந்தது. ஆண்கள் பலரை சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எஸ்டேட் கடையில் சாமான் வாங்கிப் போடுகிறவரும் அதில் போய்விட்டார். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். சம்பளமாகக் கொடுத்த, வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டைக் கடைக்காரர்கள் தொடவே கூசினார்கள். அதனால் ஜனங்கள் ஜப்பான் துரையிடம் கெஞ்சி, சம்பளத்துக்குப் பதில் தேயிலையாகவே வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தேயிலையை எல்லோரும் ஒன்றாகச் சேர்த்து, பெரும் பொட்டலங்களாகக் கட்டி, மாதம் ஒருமுறை லோரியில் மலையடிவாரத்துத் தாப்பா டவுனுக்கு இறக்கி, சாமானாக மாற்றிக்கொண்டு வருவது ஏற்பாடு.

மாற்றிக்கொண்டு வர ஆள் வேண்டுமே. பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் அந்தத் திடலில், எல்லோரும் கூடினார்கள். கங்காணி வீராசாமியின் மனைவி பாக்கியம் அக்காதான் என் பெயரைச் சொன்னார். பள்ளிக்கூடமும் இல்லை, சும்மாதான் இருக்கிறது, கணக்குத் தெரிந்த பெண், போகட்டும் என்றார். பெரிய கிராணிக்கு விருப்பமில்லை. நான் எழுந்து நின்று, எந்த வியாபாரியும் என்னை ஏமாற்ற முடியாது என்று ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். கைதட்டினார்கள். (அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.)

என்னென்ன வேண்டும் என்று பெண்கள் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள். தேங்காயெண்ணெய், உப்பு, மிளகாய், சோப்பு, நெருப்புப் பெட்டி. அதோடு நாலு கூடை கருவாடு. முப்பது பொட்டலம் தேயிலை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

லோரி ஓட்டியவர் சவரிமுத்து. பெட்ரோல் கிடையாது, கரி அடுப்பை லோரியின் முதுகில் கட்டி, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். அதனால் சவரிமுத்து எப்போதும் முகத்தில் கரியோடுதான் இருப்பார். அதிகம் பேச மாட்டார். அவருக்கு என்னிடம் மரியாதை உண்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

தாப்பாவில் கருவாட்டுக் கடை வைத்திருந்த சீன டவுக்கே, அதாவது முதலாளி, ஒல்லியான வயசாளி. என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். சோளத்தை வறுத்துப் போட்ட காப்பி கொடுத்தார். நான் டீச்சர் என்று தெரிந்ததும் வார்த்தைக்கு வார்த்தை ‘சிகு’ என்று மலாய்க்காரர்கள் ஆசிரியரைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லிலேயே நான் பாதி உருகிவிட்டேன். நாலு கூடை வேண்டும் என்றேன். கூடைக்கு ஒரு பொட்டலம் தேயிலை என்றார். சரி என்று எழுந்தேன்.

அவர் அவசரப்படவில்லை. பத்துக் கூடை எடுத்தால் ஏழு பொட்டலம் போதும் என்றார். நான் திரும்ப உட்கார்ந்தேன்.

“அம்பில் செமுவா, லாகி மூரா லா, சிகு” என்றார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் இன்னும் மலிவு. கடையில் உள்ள அறுபது கூடையும் எடுத்தால் கூடைக்கு அரைப் பொட்டலம்தான்.

அரைப் பொட்டலம். என் மண்டைக்குள் கணக்கு மணி அடித்தது. அறுபது கூடைக்கு அரை அரையாக முப்பது பொட்டலம். எங்கள் லோரியில் இருப்பதும் முப்பது. கடவுளே பார்த்துப் பொருத்தி வைத்தது போல இருந்தது. எண்ணெய், உப்பு, சோப்பு என்னாவது என்று கேட்பீர்கள். அதற்கும் என்னிடம் விடை இருந்தது. அரைப் பொட்டலத்துக்கு வாங்கிய கூடையைப் போகிற வழியில் ரிங்லெட்டில் ஒரு பொட்டலத்து மதிப்புக்குக் கொடுப்போம். மலை ஏறுவதற்குள் சொத்து இரண்டு மடங்கு. அதில் எண்ணெயும் சோப்பும் வாங்கியது போக, ஜனங்களுக்குச் சேலையே எடுத்துக் கொடுக்கலாம் போலிருந்தது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்களா, நடக்கவிட்டு மாலை போடுவார்களா என்பதுவரை யோசித்துவிட்டேன்.

ஒரு பேச்சுக்கு, வெளியே லோரியில் கரி தள்ளிக்கொண்டிருந்த சவரிமுத்துவையும் கேட்டேன். அவர் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். “விடாதீங்க டீச்சர்” என்று என் காதில் விழுந்தது. “விடுங்க டீச்சர்” என்றுதான் சொன்னேன் என்கிறார் அவர். லோரி அந்த நேரம் பார்த்து இருமியது. ஐம்பது வருடத்துக்கு மேலாக இந்த வழக்கு நடக்கிறது, தீர்ப்பு சொல்ல ஆளில்லை.

முப்பது பொட்டலத்தையும் இறக்கினோம். அறுபது கூடையை ஏற்றினோம். டவுக்கே வாசல்வரை வந்து கையசைத்தார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு வியாபாரி என்னை வழியனுப்பியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கரி லோரிக்கு வெறும் வண்டியாக மலை ஏறுவதே பெரும்பாடு. அறுபது கூடையோடு அது வளைவுக்கு வளைவு நின்றது. நிற்கும்போதெல்லாம் நான் இறங்கித் தள்ள வேண்டும். கருவாட்டுத் தண்ணீர் மேலிருந்து சொட்டியது. (காய்ந்த கருவாட்டிலிருந்து தண்ணீர் சொட்டுமா என்ற கேள்வி கணக்குப் புலிக்கு வரவில்லை.) மலை ஏறியது லோரியா நானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரிங்லெட் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்குப் பின்னால் நாய்கள் ஊர்வலமாக வந்துகொண்டிருந்தன.

ரிங்லெட் கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர். கருவாடு வேண்டுமா, மலிவாகத் தருகிறேன் என்று கம்பீரமாகக் கேட்டேன். அவர் என்னைக் கடையின் பின்பக்கம் கூட்டிப் போனார். அங்கே கூரைவரை கருவாட்டுக் கூடை. போன வாரம் அதே டவுக்கே, அதே சோளக் காப்பி, அதே அரைப் பொட்டலம்.

“நீயுமாம்மா?” என்றார். துக்க வீட்டில் பேசுவது போல இருந்தது.

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. மழைக்காலம் தொடங்கிவிட்டது. சரியாகக் காயாத கருவாடு டவுக்கே கடையில் நனைந்து கெடுவதற்குள் எங்கள் தலையில் இறங்கிவிட்டது. விலையைக் குறைத்தது எங்கள் மேல் உள்ள பிரியத்தால் இல்லை.

எஸ்டேட்டில் லோரிச் சத்தம் கேட்டதும் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் டின்னும் பாட்டிலுமாக ஓடி வந்தார்கள். வாசனை முதலில் போய்ச் சேர்ந்ததால், பாதி வழியிலேயே வேகம் குறைந்தது. பாக்கியம் அக்கா முன்னால் வந்தார். லோரியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போடவில்லை.

“எண்ணெ எங்கம்மா?”

“அடுத்த தடவ அக்கா.”

“உப்பு?”

“கருவாட்டுலயே இருக்கு அக்கா.”

“சோப்பு?”

நான் லோரிச் சக்கரத்தைப் பார்த்தேன்.

“இத்தன கருவாட்டையும் வச்சுக்கிட்டு, சோப்பும் இல்லாம நாங்க எப்படி இருப்போம்னு நெனச்சுப் பாத்தியா?” என்று கேட்டுவிட்டு, டின்னைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். மற்றவர்களும் நடந்தார்கள். மாலை யாரும் கொண்டு வரவில்லை.

மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் கூடைகளை அடுக்கினோம். நான் கணக்குச் சொல்லிக் கொடுத்த அதே அறை. மறுநாளிலிருந்து மழை. மழை விட்டால் பனிமூட்டம், பனிமூட்டம் கலைந்தால் மழை. வாங்குகிற விலையைத்தான் நான் கணக்குப் போட்டேன். வாங்கியதை வைத்துக் காப்பாற்றுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை அந்த அறை எனக்குச் சொல்லிக் கொடுத்தது. கருவாடு முதலில் வேர்த்தது. அப்புறம் வழவழத்தது. அப்புறம் ஓரங்களில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் பிடித்தது. நாற்றம் லயம் லயமாக வீடு மாறிக் குடியேறியது. எங்களைப் போன்ற வேதக்காரக் குடும்பங்களுக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது, கருவாடு ஆகும். இந்துக் குடும்பங்களுக்கு வெள்ளிக்கிழமை கருவாடே ஆகாது. ஆனால் காற்று யாரைக் கேட்டு வீசுகிறது? விளக்கேற்றிக் கும்பிடும்போது சாம்பிராணியைத் தாண்டி கருவாடுதான் வருகிறது என்று பாக்கியம் அக்கா அப்பாவிடம் சொன்னாராம்.

இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்று சிரிக்க முடியவில்லை. உப்பில்லாத மரவள்ளியைப் பிள்ளைகள் முகம் சுளித்து விழுங்கினார்கள். வீட்டுக்காரர்களை ரயில் பாதைக்குக் கொடுத்துவிட்டுத் தனியாகக் கொழுந்து பறித்த பெண்கள் அவர்கள். அவர்கள் கை உழைப்பு அத்தனையும் அந்த அறையில் கெட்டுக்கொண்டிருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. எதிரே வந்தால் பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். பெரிய கிராணி மட்டும் கூப்பிட்டுச் சொன்னார். “ஒரு வாரத்துல எல்லாம் அழுகிரும். குழி வெட்டிப் பொதைக்கணும். எங்க வெட்டுறதுன்னு நீயே சொல்லு.”

நான் அழுவதற்கு ஒதுங்கிய இடம் தேயிலை பேக்டரி. எஸ்டேட்டில் கதகதப்பாக இருக்கும் ஒரே இடம் அது. பறிக்கிற கொழுந்து குறைந்துவிட்டதால் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள்தான் வேலை நடக்கும். கீழே விறகடுப்பு. அதன் அனலை ஒரு பெரிய விசிறி மாடிக்கு இழுத்துவிடும். விசிறியை ஓடைத் தண்ணீரில் சுற்றும் யந்திரம் ஓட்டும். மாடி முழுவதும் சாக்குத்துணி விரித்த தட்டுகள், ஒன்றன் மேல் ஒன்றாக. பச்சைக் கொழுந்தை அதில் பரப்பி ஈரம் போக வாட்டுவார்கள். அன்று வேலை முடிந்து, அடுப்பு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. மழையில் நனைந்த சேலையோடு போய் மாடியில் ஒரு மூலையில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். இன்னும் கொஞ்சம் அழுதேன். மறுபடி துடைக்க முந்தானையை எடுத்தால், அது அப்பளம் போலக் காய்ந்திருந்தது.

நான் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு முந்தானையைப் பார்த்தேன். தட்டுகளைப் பார்த்தேன். மறுபடி முந்தானையைப் பார்த்தேன். பிறகு பெரிய கிராணி வீட்டுக்கு ஓடினேன்.

அவர் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும், பக்கத்தில் வெங்காயம் வைத்தாலே பிடித்துக்கொள்ளும், அந்த மாடியில் கருவாட்டைப் பரப்பினால் ஜப்பான் துரை நம் இரண்டு பேரையும் அதே தட்டில் பரப்புவார் என்றார். அடுத்த கொழுந்து வருவதற்குள் கழுவித் துடைத்துவிடுகிறேன் என்றேன். எதைக் கொண்டு கழுவுவாய், சோப்புதான் நீ வாங்கவில்லையே என்றார். நியாயமான கேள்வி. நான் அவர் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போகச் சொன்னார், போகவில்லை. என் மேல் வீசிய வாசனையில் அவர் மனைவி உள்ளே இருந்து, “அந்தப் பொண்ணு கேக்குறதக் குடுத்து அனுப்புங்களேன்” என்றார். பேக்டரிச் சாவி கிடைத்தது.

பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அவர் என்னை நம்பினாரா என்று தெரியாது. ஆனால் குழி வெட்டுவதைவிட இது மேல் என்று நினைத்திருப்பார். கொழுந்துக் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவரைப் பார்த்து லயமே வந்தது. கொழுந்து சுமக்கும் கூடைகளில் கருவாட்டைச் சுமந்தார்கள். பூஞ்சணத்தை உப்புத் தண்ணீரில் கழுவினோம். (உப்பு ஏது என்று கேட்காதீர்கள். அறுபது கூடையின் அடியிலும் படிந்திருந்த உப்பைச் சுரண்டி எடுத்தோம். கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது என்று நான் சொன்னது உண்மையாகிவிட்டது.) சவரிமுத்து அடுப்புக்கு விறகு தள்ளினார். கொழுந்தைப் பரப்பும் அதே கை லாவகத்தோடு பெண்கள் கருவாட்டைப் பரப்பினார்கள், புரட்டினார்கள். அந்த மாடியில் நாள் கணக்காக வேர்த்து, இருமி, கண்ணெரிந்து, எல்லோரும் ஒரே நாற்றமானோம். எல்லோரும் நாறினால் யாரும் நாறுவதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கருவாடு காய்ந்தது. சும்மா காயவில்லை. ஒன்றோடு ஒன்று தட்டினால் மரக்கட்டை போலச் சத்தம் வந்தது. பாக்கியம் அக்கா ஒன்றை எடுத்து ஒடித்தார். பட்டென்று ஒடிந்தது. அடுப்பில் சுட்டுத் தின்று பார்த்தார். இன்னொரு துண்டையும் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார்.

கன்னியர் மடத்தில் வாங்கிய அத்தனை மார்க்கும் இந்த இரண்டு வார்த்தைக்கு ஈடாகாது.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மாடியைச் சாம்பலும் தண்ணீரும் போட்டு எவ்வளவு தேய்த்தும், பெரிய கிராணி சொன்னதுதான் நடந்தது. அடுத்து வாட்டிய கொழுந்து தேயிலையாகி வெளியே வந்தபோது கருவாடு மணத்தது. லேசாக இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மோந்தால் கடற்கரையில் நிற்பது போல இருந்தது. அதை ஒளிக்கலாம் என்று நாங்கள் யோசிப்பதற்குள் பங்களாச் சமையல்காரர் வழக்கம்போலப் புதுத் தேயிலை ஒரு டின் எடுத்துப் போய்விட்டார்.

பிற்பகலில் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. பெரிய கிராணியும் கருவாட்டு டீச்சரும் உடனே வர வேண்டும். பெரிய கிராணி போகிற வழியெல்லாம் ஜெபமாலை உருட்டினார். இடையிடையே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஜெபம் இல்லை.

ஜப்பான் துரை மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே தேநீர்க் கோப்பை. நாங்கள் தலை தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்து நின்றோம். அவர் கோப்பையை எடுத்து மோந்தார், வைத்தார். மறுபடி எடுத்து மோந்தார். என் கன்னம் தானாகவே தயாரானது. அவர் சமையல்காரரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். ஒரு கிண்ணத்தில் சோறு வந்தது. அந்தத் தேநீரைச் சோற்றில் ஊற்றினார். குச்சியால் வாரி வாயில் போட்டு மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். கிண்ணம் காலியாகும்வரை திறக்கவில்லை.

பிறகு தனக்குத் தெரிந்த கொஞ்சம் மலாயில் மெதுவாகச் சொன்னார். அவர் ஊரில் தேநீரைச் சோற்றில் ஊற்றி, உப்பு மீனோடு சாப்பிடுவார்களாம். அம்மா செய்து கொடுப்பாராம். இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து எங்கள் தேயிலை அவருக்கு மருந்து போலக் கசந்ததாம். இன்றுதான் தேநீர் போல இருக்கிறதாம். இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய கிராணி நிமிர்ந்தார். “புது முறை துரை. ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருந்தேன்” என்றார். (பாவம், நல்ல மனிதர். உயிர் பிழைத்த சந்தோஷத்தில் சொன்னது.)

அன்று சாயங்காலம் லயத்துக்கு மூன்று மூட்டை அரிசி வந்தது. கூடவே ஒரு உத்தரவும் வந்தது. இனி எல்லாத் தேயிலையும் இதே மணத்தோடு வர வேண்டும். ஆகவே பேக்டரி மாடியில் கருவாடு காயப் போடுவது தப்பு என்ற நிலை மாறி, சட்டமானது. போடாவிட்டால்தான் தண்டனை. பிறகு பக்கத்து ஊரான தானா ராத்தாவிலிருந்த ஒரு பட்டாள அதிகாரிக்கும் அந்தத் தேயிலை போனதாகக் கேள்வி. அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. யாரும் அடிக்க வராததால் பிடித்திருக்க வேண்டும்.

அந்த அரிசிச் சோறும் சுட்ட கருவாடும் லயத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வெந்தன. மாதக் கணக்கில் வெறும் மரவள்ளி தின்ற பிள்ளைகள் வயிறு நிறைந்து, தின்ற இடத்திலேயே தூங்கிப் போயின. பாக்கியம் அக்கா எனக்கு ஒரு தட்டு கொண்டுவந்து வைத்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மழை விடவில்லை. ரிங்லெட்டில் அந்தக் கடைக்காரரின் சரக்கு அழுகிப் போனது. மற்ற எஸ்டேட்டுகளிலும் அப்படியே. கீழே கடலுக்குப் போகப் படகு இல்லை, இருந்ததையெல்லாம் ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். நல்ல கருவாடு மலை முழுவதும் எங்களிடம்தான் இருந்தது. காய்கறி போடும் சீனர்கள் முட்டைக்கோசோடு வந்தார்கள், ரிங்லெட் கடைக்காரர் உப்போடு வந்தார். இரண்டு மூன்று மீன், நாலு மீன் என்று சில்லறையாகவே கொடுத்தேன்.

ஒரு நாள் கரி லோரி ஒன்று இருமிக்கொண்டு எங்கள் எஸ்டேட்டுக்குள் ஏறி வந்தது. அதிலிருந்து இறங்கியவரைப் பார்த்து எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. தாப்பா டவுக்கே.

பள்ளிக்கூட அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். எங்கள் தேயிலையில் ஒரு கோப்பை கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு மரியாதையாகக் கீழே வைத்தார். தன் கடையில் கருவாடு இல்லை, டவுனில் எங்குமே இல்லை, என்னிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னார். மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், என்ன விலை என்று கேட்டார். லயத்துப் பெண்கள் எல்லோரும் சன்னலில் நின்றார்கள்.

ஒரு கூடைக்கு ஒரு டின் தேங்காயெண்ணெய் என்றேன். சரி என்றார். பத்துக் கூடை எடுத்தால் பதினைந்து டின் என்றேன். அவர் காதைத் தேய்த்துக்கொண்டார். மொத்தமும் எடுத்தால் கூடைக்கு இரண்டு டின், சோப்பு தனி என்றேன்.

“இது என்ன கணக்கு, சிகு? நெறைய எடுத்தா கொறையணும் லா.”

“கீழ எறங்கினா கொறையும் டவுக்கே. மலைமேல ஏற ஏறக் கூடும்” என்றேன். அப்புறம் உண்மையான காரணத்தையும் சொன்னேன். எங்களுக்கு வேண்டியது போக மிச்சம் கொஞ்சம்தான். அதற்கு மேல் கேட்டால் பிள்ளைகள் தட்டிலிருந்து எடுத்துத் தர வேண்டும். அது எப்படி மலிவாகும்?

அவர் சன்னலில் நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். பத்துக் கூடை எடுத்துக்கொண்டு பதினைந்து டின் எண்ணெயும் இறக்கினார். போகும்போது தானாகவே ஒரு பெட்டி சோப்பு வைத்துவிட்டுப் போனார். நாங்கள் எவ்வளவு தூரத்திலிருந்தே மணக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று பெண்கள் மாலை கட்டினார்கள். தேயிலைப் பூவில். அது மாலை கட்டுவதற்கு ஏற்ற பூவே இல்லை, கழுத்தில் போட்டவுடன் பாதி உதிர்ந்துவிட்டது. மீதியை நான் வாடும்வரை கழற்றவில்லை.

சண்டை முடிந்து வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்தார். பேக்டரி மாடியில் ஏறி நின்று மூக்கை உறிஞ்சி, ஜப்பான்காரன் இங்கே என்னதான் செய்துகொண்டிருந்தான் என்று பெரிய கிராணியைக் கேட்டார். தெரியவில்லை துரை, அவர்கள் முறையே தனி என்றார் பெரிய கிராணி. சாக்குத்துணி அத்தனையும் மாற்றினார்கள். அப்படியும் மழை நாளில் லேசாக வரும் என்று அங்கே வேலை செய்தவர்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சவரிமுத்து என்னைப் பெண் கேட்டு வந்தார். கரி இல்லாத முகத்தில் அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். கல்யாணமாகி ஏழெட்டு வருடம் பிள்ளை இல்லை. கும்பிடாத மாதா இல்லை. பிறகு தானா ராத்தா ஆஸ்பத்திரியில் எனக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன, இரண்டும் ஆண். நர்ஸ் வெளியே போய் அவரிடம் சொன்னாளாம். அவர் உள்ளே வந்தார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று பார்த்தார். ஊரில் எல்லோரும் ஊமை என்று நினைத்த மனிதர், நர்ஸ் பக்கம் திரும்பிச் சொன்னார்.

“இவ எப்பவும் இப்படித்தான் சிஸ்டர். ஒண்ணு வாங்கிட்டு வான்னு அனுப்பினா மொத்தமா எடுத்துட்டு வருவா.”

இளையவனுக்கு ஞானஸ்நானத்தில் சூசை என்று பெயர் வைத்தோம். அடையாள அட்டையான ஐசியைத் தவிர அந்தப் பெயர் வேறெங்கும் புழங்கியதில்லை. வீட்டிலும் லயத்திலும் அவன் ‘கொசுறு’. இப்போது அவன் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர். பொறுப்பேற்ற அன்று மேடையில் கோட்டும் டையுமாக அவன் நின்றபோது, முன் வரிசையிலிருந்த சவரிமுத்து பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாக, கொஞ்சம் சத்தமாகவே, “அதுதான் எங்க கொசுறு” என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் காதில் அது விழுந்துவிட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது யாரும் அவனைத் தலைமையாசிரியர் என்று சொல்வதில்லை. கொசுறு சார் என்கிறார்கள்.